விக்கெட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது

முதலில் ஒரு வாக்குமூலம். நான் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். மஞ்சள் பனியன் ரெண்டு வைத்திருக்கிறேன். அதில் ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பிளாட்பாரத்தில் வாங்கியது, முதல் துவையலிலேயே சந்தனக் கலராகிவிட்டது. 2024 மே 18 ராத்திரி, பெங்களூரில் 201 எடுத்தால் பிளே ஆஃப் என்ற நிலையில் 191க்கு 7 என்று நின்றுபோனபோது சாப்பிடாமல் படுத்தவன் நான். ஆகவே இதைப் படித்துவிட்டு "நீ மும்பை ஆளாடா?" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

விஷயம் 2025 சீசன். அதுவும் முதல் ஐந்து ஆட்டம். முடிந்துபோன கதையை எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன். அது கிரிக்கெட்டே இல்லை, பாஸ்கெட்பால்.

2025 ஏப்ரல் 8 ராத்திரி முல்லன்பூரில் பஞ்சாபிடம் தோற்றாகிவிட்டது. ஐந்து ஆட்டத்தில் ஒரு வெற்றி, நாலு தோல்வி. மறுநாள் காலை மண்ணூர் டீக்கடை. நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கியவர்கள் எல்லாம் தூக்கக் கண்ணோடு இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் எதிர்வீட்டு அண்ணன், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர், தீர்ப்பே சொல்லிவிட்டார்: "அஞ்சு மேட்ச்தானேடா தம்பி? இன்னும் ஒம்போது இருக்கு. ஆறு ரன்ல ஒண்ணு, பதினெட்டு ரன்ல ஒண்ணு, எல்லாம் நூலிழையில போனது. 2010ல ஏழுல அஞ்சு தோத்துட்டு கப்பு அடிச்சது யாரு?"

அண்ணன் சொன்ன 2010 கணக்கு நிஜம். அந்த வருடம் முதல் ஏழில் ஐந்து தோற்று, கடைசி லீக் ஆட்டத்தில் தர்மசாலாவில் தோனி அடித்துக் கரைசேர்த்து, பிறகு கோப்பையும் வந்தது. அதைச் சொன்னால் டீக்கடையில் எதிர்த்துப் பேச ஆளே கிடையாது. நானும் பேசவில்லை. பெரியவர் சொல்கிறார், தவிர டீக்கு அவர்தான் காசு கொடுத்தார் :-)

ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் காலேஜ் போகும்போது அக்கவுண்ட்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணன் சொன்னதில் பாதி சரி, பாதி படுமோசமான தப்பு.

சரியான பாதி இது. ஐந்து ஆட்டத்தின் வெற்றி தோல்வியை மட்டும் வைத்து ஒரு அணியை எடை போட முடியாது. காசைச் சுண்டினால்கூட ஐந்தில் நாலு பூ விழும். அமெரிக்க பாஸ்கெட்பாலில் இதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 2010-11ல் லெப்ரான் ஜேம்ஸ் புதிதாகச் சேர்ந்த மயாமி ஹீட், முதல் 17 ஆட்டத்தில் 9 ஜெயித்து 8 தோற்றது. ஊரே சிரித்தது. ஆனால் அவர்கள் போட்ட புள்ளி, விட்ட புள்ளியைவிட நன்றாகவே அதிகமாக இருந்தது. சீசன் முடிவில் 58 வெற்றி, 24 தோல்வி, இறுதிப் போட்டி வரை போனார்கள். தலைகீழ் உதாரணம் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். 2023-24ல் முதல் மூன்றில் ரெண்டு ஜெயித்தார்கள். அடுத்து வரிசையாக 28 தோல்வி! ஒரே சீசனுக்குள் அந்த லீக் அதற்கு முன் பார்த்திராத சாதனை. முதல் வாரத்து வெற்றி தோல்வியை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

தப்பான பாதி எது? ஐந்து ஆட்டம் என்றால் கையில் இருப்பது ஐந்து எண்தான் என்று நினைப்பது. ஐந்து ஆட்டத்தில் சி.எஸ்.கே. ஆடியது 595 பந்து. மும்பையை மட்டும் 19.1 ஓவரில் முடித்தோம், மற்ற நாலும் முழு இருபது. 595 பந்து என்பது சின்ன சாம்பிள் இல்லை சாமி. அதில் ஒரு அணியின் பழக்கம் தெரிந்துவிடும். ஜெயிப்பதில் அதிர்ஷ்டம் கலந்திருக்கும், டாஸ் கலந்திருக்கும், விட்ட கேட்ச் கலந்திருக்கும். பழக்கத்தில் அதெல்லாம் ரொம்ப நாள் ஒளிந்திருக்க முடியாது.

வரவு செலவைப் பார்ப்போம். முதல் ஐந்தில் எடுத்தது 158, 146, 176, 158, 201. கூட்டினால் 839. விட்டது 155, 196, 182, 183, 219. கூட்டினால் 935. ஓவருக்கு 8.46 எடுத்து 9.35 விட்டிருக்கிறோம். கடையில் ஒவ்வொரு ஓவருக்கும் ஏறக்குறைய 90 பைசா நஷ்டம். இது புள்ளிப் பட்டியலில் நெட் ரன் ரேட் என்ற பெயரில் எல்லோர் கண் முன்னாலும் இருந்ததுதான். இதையும் அண்ணன் தள்ளிவிடலாம், "ஆர்.சி.பி. மேட்ச் ஒண்ணுலயே அம்பது ரன்னு போயிடுச்சு, அதான்" என்று. சரி, தள்ளிவிடுவோம். நான் பிடித்துத் தொங்கும் எண் வேறு.

துரத்தித் தோற்ற நாலு ஆட்டத்தில் நாம் முடித்த ஸ்கோரைப் பாருங்கள். பெங்களூருக்கு எதிராக 146க்கு 8. ராஜஸ்தானுக்கு எதிராக 176க்கு 6. டெல்லிக்கு எதிராக 158க்கு 5. பஞ்சாபுக்கு எதிராக 201க்கு 5. நாலு தோல்வியில் நமக்குக் கொடுக்கப்பட்ட விக்கெட் 40. செலவு செய்தது 24. மிச்சம் 16!

பி.காம். முதல் வருடத்திலேயே குளோசிங் ஸ்டாக் சொல்லிக் கொடுப்பார்கள். வருடக் கடைசியில் விற்காமல் கிடக்கும் சரக்கு. அதற்கு ஒரு மதிப்புப் போட்டு, அடுத்த வருடம் விற்கலாம் என்று சொத்துக் கணக்கில் எழுதுவோம். மதிப்பு எப்படிப் போடுவது? வாங்கின விலை, இன்றைக்கு விற்றால் கிடைக்கும் விலை, ரெண்டில் எது கம்மியோ அது. இப்போது எங்கள் பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு முழம் சொல்லும் விலை வேறு, ஒன்பதரைக்குக் கடைசி ஷிப்ட் பஸ் வரும் நேரத்தில் சொல்லும் விலை வேறு. மிச்சமிருப்பதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத்தான் கூடையைத் தூக்குவார். ஏனென்றால் நாளைக் காலையில் அந்தப் பூவுக்கு மதிப்பு சைபர். அவர் எந்தக் காலேஜிலும் பி.காம். படிக்கவில்லை.

விக்கெட்டும் பூதான். இருபதாவது ஓவர் முடிந்ததும் அதன் மதிப்பு சைபர். டெல்லி ஆட்டத்தில் மிச்சம் வைத்த ஐந்து விக்கெட்டை பஞ்சாப் ஆட்டத்துக்குக் கொண்டுபோய் பதினைந்தாக ஆட முடியாது. வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

அந்த டெல்லி ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 5, சேப்பாக்கம். இலக்கு 184. 10.4 ஓவரில் 74க்கு 5. மிச்சம் 56 பந்து, தேவை 110 ரன். கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஓவருக்கு கிட்டத்தட்ட 12 வேண்டும். அங்கிருந்து விஜய் சங்கரும் தோனியும் கடைசி வரை நின்றார்கள். விஜய் சங்கர் 54 பந்தில் 69 நாட் அவுட். தோனி 26 பந்தில் 30 நாட் அவுட். 56 பந்தில் சேர்ந்தது 84. ஓவருக்கு 9. பன்னிரண்டு வேண்டிய இடத்தில் ஒன்பது ஒன்பதாக, ஒன்பதரை ஓவர், அவுட்டே ஆகாமல்! 25 ரன்னில் தோல்வி. மறுநாள் பேப்பரில் பார்த்தால் 25 ரன், பரவாயில்லையே, கிட்டே போயிருக்கிறார்களே என்று தோன்றும். கிட்டேயே போகவில்லை சார். போக முயற்சியே நடக்கவில்லை. அடித்துப் பார்த்து 120க்கு ஆல் அவுட் ஆகியிருந்தால் 63 ரன்னில் தோல்வி என்று பேப்பரில் அசிங்கமாக இருந்திருக்கும். ஆனால் ஜெயிக்க ஒரு வழியாவது திறந்திருக்கும்.

உடனே ஒரு பதில் வரும்: "நெட் ரன் ரேட்டைக் காப்பாத்த வேணாமா?" நெட் ரன் ரேட் என்பது ரெண்டு அணி சமப் புள்ளியில் நிற்கும்போது மட்டும் உதவும் பொருள். முதலில் புள்ளி வேண்டும். வாடகை கட்டக் காசில்லாதவன் வட்டி விகிதத்தைப் பற்றிக் கவலைப்படுவது போலத்தான் இது. இன்னொரு பதில்: "பின்னாடி யாருமே இல்லையே, அஸ்வின், நூர் அகமதுதானே?" சரி, இருக்கட்டும். அவர்கள் வந்து ஆளுக்கு ஒரு சிக்ஸர் அடித்தாலும் லாபம், முதல் பந்தில் போனாலும் இழப்பதற்கு அந்த நிலையில் எதுவும் இல்லை.

அண்ணன் சொன்ன "நூலிழை" இங்கேதான் ஏமாற்றுகிறது. துரத்தும்போது வரும் தோல்வி வித்தியாசம், ஆட்டம் செத்த பிறகு அடிக்கும் ரன்னையும் சேர்த்துக் காட்டும். பெங்களூர் ஆட்டத்தில் தோனி ஒன்பதாவது ஆளாக வந்து 16 பந்தில் 30 அடித்தாரே, கடைசி ஓவரில் சேப்பாக்கமே எழுந்து நின்றதே, அப்போது ஜெயிக்கும் வாய்ப்பு ஏற்கெனவே போயாகிவிட்டது. பாஸ்கெட்பாலில் கடைசி மூன்று நிமிடம், இருபது புள்ளி பின்னால் இருக்கும்போது எதிரணி பெஞ்ச் ஆட்களை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடும். அப்போது நாம் போடும் கூடைகளுக்கு ஸ்கோர் ஷீட்டில் அதே மதிப்புதான், ஆட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. ஸ்கோர் எழுதுகிறவனுக்குத் தெரியும்.

தோனியைத் திட்டும் கட்டுரை இல்லை இது. அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள், அவரைக் கும்பிடுவதற்கு இருப்பது போலவே. அவர் முழங்கால் முன்போல இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே ராஜஸ்தான் ஆட்டத்துக்குப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். பழக்கம் அணி முழுவதும் பரவியிருந்தது. பஞ்சாபுக்கு எதிராக 220 துரத்தும்போது கான்வே 49 பந்தில் 69. கேட்க அழகான ஸ்கோர். நூறு பந்துக்கு 141 என்ற வேகம். அன்று தேவைப்பட்டது 183. கடைசி ரெண்டு ஓவர் சொச்சம் இருக்கும்போது அவரை ரிட்டயர்ட் அவுட் என்று வெளியே கூப்பிட்டார்கள். அதாவது விக்கெட் என்பது செலவு செய்ய வேண்டிய சரக்கு என்று அணிக்கும் தெரிந்திருக்கிறது! ஒன்பதரை மணி பஸ் போன பிறகு தெரிந்திருக்கிறது. அந்த 201க்கு 5ல் பஞ்சாப் எடுத்தது நாலுதான், ஒன்று நாமாகக் கொடுத்தது.

ஒப்பிட்டுப் பார்க்க 2024 ஆர்.சி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். (வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.) முதல் எட்டில் ஒன்றே ஒன்று ஜெயித்தார்கள். நம்மைவிட மோசம். ஆனால் அந்தத் தோல்விகளுக்கு உள்ளே பாருங்கள். ஏப்ரல் 15ல் ஹைதராபாத் 287 அடித்தது. இவர்கள் பதிலுக்கு 262. ஆறு நாள் கழித்து கொல்கத்தாவில் 223 துரத்தி 221க்கு ஆல் அவுட், ஒரே ரன்னில் தோல்வி. பத்து விக்கெட்டும் செலவு, குளோசிங் ஸ்டாக் நில். அண்ணன் சொல்லும் நூலிழை என்றால் அதுதான் நூலிழை. அங்கிருந்து வரிசையாக ஆறு ஜெயித்தார்கள், ஆறாவது நம்மை. நான் சாப்பிடாமல் படுத்த அந்த ராத்திரி. எட்டுக்கு ஒன்று என்ற அணிக்கு மறுவாழ்வு வந்ததும், ஐந்துக்கு ஒன்று என்ற நமக்கு வராததும் தற்செயல் இல்லை.

பிறகு நடந்ததுதான் எல்லோருக்கும் தெரியுமே. ஏப்ரல் 11 சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 103க்கு 9, அந்த மைதானத்தில் சி.எஸ்.கே.யின் மிகக் குறைந்த ஸ்கோர். அவர்கள் 10.1 ஓவரில் முடித்துவிட்டுப் போனார்கள். ஐ.பி.எல். வரலாற்றில் முதல் முறையாக சி.எஸ்.கே. வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றது. ருதுராஜ் முழங்கைக் காயத்தோடு வெளியேற, தோனி மீண்டும் கேப்டன். 14ல் 4 வெற்றி, 8 புள்ளி, பத்தாவது இடம். கடைசி இடம் என்பது இந்த அணிக்கு அதுவே முதல் தடவை.

ஆனால் எனக்குச் சுவாரசியம் அதில் இல்லை, கடைசி நாலு ஆட்டத்தில். பதினேழு வயசு ஆயுஷ் மாத்ரே, டிவால்ட் பிரெவிஸ் என்று பாதி சீசனில் புதிதாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கடைசி நாலு ஆட்டத்தின் ஸ்கோர்: 211, 183, 187, 230. கணக்குப் போட்டால் ஓவருக்கு 10.18 ரன். முதல் ஐந்தில் 8.46. அதே பயிற்சியாளர், அதே மஞ்சள் சட்டை. அந்த நாலில் ரெண்டுதான் ஜெயித்தோம் என்பதால் யாரும் பேசவில்லை. வெற்றி தோல்விக் கட்டத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இங்கே என்னையே மடக்கலாம். மே 3ல் ஆர்.சி.பி.யிடம் 214 துரத்தி 211க்கு 5, ரெண்டு ரன்னில் தோல்வி. அங்கேயும் ஐந்து விக்கெட் மிச்சம்தானே? நியாயமான கேள்வி. ஆனால் அன்று மாத்ரே 48 பந்தில் 94, ஜடேஜா 45 பந்தில் 77 நாட் அவுட். தேவையான வேகத்திலேயே, சிலசமயம் அதற்கு மேலேயே போய்க்கொண்டிருந்த வண்டி. வேகம் இருக்கும்போது விக்கெட் மிச்சமாவது கெட்டிக்காரத்தனம். வேகம் இல்லாமல் விக்கெட் மட்டும் மிச்சமாவது பயம். ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒற்றை எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

நிர்வாகம் இந்தக் கணக்கைப் படித்துவிட்டது என்றே நினைக்கிறேன். 2025 நவம்பரில் ஜடேஜாவையே விட்டுக்கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பர் ஏலத்தில் சர்வதேச ஆட்டமே ஆடாத ரெண்டு பையன்களுக்கு, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா, ஆளுக்கு 14.20 கோடி. அந்தத் தொகை சரியா தப்பா என்பது வேறு விவாதம்.

இனி காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் காலேஜில் பாஸ்கெட்பால் டீம் இருக்கிறது. பெயர் வேண்டாம். நான் ஆடுவதில்லை, உயரம் அப்படி. காமர்ஸ் பையன், கணக்கு ஒழுங்காக எழுதுவான் என்று ஸ்கோர் ஷீட் என் கையில். இந்த வருட டீமில் பாதிப் பேர் முதல் வருடம். அப்பா அம்மா ரெண்டு பேரும் கம்பெனி வேலை, பள்ளிக்கூடத்தில் மைதானமே பார்க்காத பையன்கள் சிலர். முதல் நாலு ஆட்டமும் தோல்வி. காலேஜ் என்ன செய்தது? நாலுக்கு நாலு தோல்வி, இனி ஓ.டி. கிடையாது, பஸ் கிடையாது, வேண்டுமானால் சொந்தச் செலவில் போய் ஆடிக்கொள்ளுங்கள் என்று ஆபீஸில் இருந்து வாய்மொழியாக வந்துவிட்டது. எழுத்தில்கூட இல்லை. ஓ.டி. இல்லை என்றால் அட்டெண்டன்ஸ் போகும், அட்டெண்டன்ஸ் போனால் பரீட்சை எழுத முடியாது. டீமை மூடுகிறோம் என்று சொல்லாமல் மூடும் வழி இது.

டீக்கடை அண்ணனும் எங்கள் ஆபீஸும் எதிரெதிர் முடிவுக்கு வந்தவர்கள். அவர் பொறு என்கிறார், இவர்கள் மூடு என்கிறார்கள். ஆனால் ரெண்டு பேரும் பார்த்தது ஒரே கட்டத்தை. ஜெயித்தது எத்தனை, தோற்றது எத்தனை. ஒருவருக்கு அது பொருட்டே இல்லை, இன்னொருவருக்கு அது மட்டுமே பொருட்டு. உள்ளே இருக்கும் ஷீட்டைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

பாஸ்கெட்பாலில் டீன் ஆலிவர் என்பவர் 2004ல் எழுதிய புத்தகத்தில் ஒரு ஆட்டத்தை நாலு விஷயமாகப் பிரித்தார். எவ்வளவு நன்றாகக் கூடை போடுகிறாய், பந்தை எத்தனை தடவை பறிகொடுக்கிறாய், தவறிய பந்தை எத்தனை தடவை திரும்ப எடுக்கிறாய், ஃப்ரீ த்ரோ எவ்வளவு சம்பாதிக்கிறாய். என் ஷீட்டை அப்படிப் பிரித்துப் பார்த்தேன். கூடை போடுவது மோசம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் முதல் ஆட்டத்தில் பந்தைப் பறிகொடுத்ததில் பாதிகூட நாலாவது ஆட்டத்தில் இல்லை. முதல் ஆட்டத்தில் 24 விநாடி முடிந்து விசில் ஊதும் வரை யாரும் கூடையைப் பார்த்தே எறியவில்லை, பயம். நாலாவதில் எறிகிறார்கள். தவறுகிறது, ஆனால் எறிகிறார்கள்.

அந்த 24 விநாடிக்கே ஒரு கதை உண்டு. 1950 நவம்பர் 22ல் அமெரிக்க லீக்கில் ஒரு ஆட்டம் 19-18 என்று முடிந்தது. முன்னால் இருந்த அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தும், எதிரணி வேடிக்கை பார்க்கும், டிக்கெட் வாங்கியவன் கொட்டாவி விடுவான். 1954ல் டேனி பயசோன் என்ற அணி முதலாளி ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆட்டம் என்றால் ரெண்டு அணியும் சேர்த்து 120 தடவை கூடைக்கு எறிகிறார்கள். ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 விநாடி. 120ஆல் வகுத்தால் 24. அதற்குள் எறி, இல்லையா பந்து அடுத்தவனுக்கு. டி20யிலும் ஒரு இன்னிங்ஸுக்கு 120 பந்துதான். ஆனால் அங்கே விசில் ஊத ஆளில்லை.

நாலு ஆட்டத்து ஷீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து, பறிகொடுத்த பந்து எண்ணிக்கையைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பி.டி. சாரிடம் கொடுத்தேன். அவர் நல்ல மனுஷன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு நிமிடம் பார்த்தார். "கூடை போடறது இவ்ளோ மோசமாடா?" என்றார். ஆமாம் சார், அடுத்த பக்கம் பாருங்க சார் என்றேன். பார்த்தார். ஆபீஸில் பேசிப் பார்க்கிறேன் என்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது ஆட்டம் வருகிற சனிக்கிழமை. ஓ.டி. வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் அன்றைக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் கிளாஸ் போகும், பரவாயில்லை. பஸ் காசுக்கு எதிர்வீட்டு அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். "நாலும் தோத்தாச்சா? இன்னும் எத்தனை மேட்ச் இருக்கு?" என்றார். மூணு அண்ணே என்றேன். நூறு ரூபாய் கொடுத்தார்.